கத்தி பட்ட பின்னும் தொடரும் வலி

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி அறுவை அரங்கிலேயே தொடங்கிவிடுகிறது. கத்தி தோலைத் தொட்ட நொடியிலிருந்து அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. ஆனால் மயக்க மருந்து மூளையின் விழிப்பைத்தான் அணைத்துவைக்கிறது. தண்டுவடத்தில் வலிச் செய்தி வந்து குவிவதை அது முழுதாகத் தடுப்பதில்லை. நோயாளி கண் விழிக்கும்போது, அவர் அறியாமலே வளர்ந்துவிட்ட ஒரு வலியை முதன்முதலாக உணர்கிறார். இன்றைய வலி மருத்துவத்தின் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைத்தது.

கரூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, காவிரியின் மேற்குக் கரையில் இருக்கும் கொடுமுடி வட்டாரத்தில் இந்த வலியை அறியாத வீடு குறைவு. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம், மூட்டு மாற்று, சிசேரியன் என்று ஈரோடு, பெருந்துறை, கரூர், கோவை மருத்துவமனைகளுக்குப் போய்த் தையலோடு திரும்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கத்தி வெச்சா வலிக்கத்தானுங்க செய்யும் என்ற பொறுமையும் அவர்களோடு வீடு திரும்புகிறது. காட்டிலும் வயலிலும் உழைத்து வளர்ந்த சமூகத்துக்கு இந்தப் பொறுமை பெருமைக்குரிய குணம்தான். அறுவைக்குப் பிந்தைய வலியில் மட்டும் அது உடம்புக்குக் கேடு செய்கிறது. எப்படி என்பதை மூலக்கூறு அளவில் விளக்கும் அறிவு கடந்த அறுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கிறது.

காயத்தில் நடப்பது

தோல், தசை, எலும்புறை, உள்ளுறுப்புகள் எல்லாவற்றிலும் வலியை உணர்வதற்கென்றே தனி நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் இழைகள் இரண்டு வகை. ஏ-டெல்டா எனப்படும் இழைகள் மெல்லிய உறை போர்த்தியவை. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துபவை. சுருக்கென்று தைக்கும் முதல் வலி இவை வழியாக வருகிறது. சி வகை இழைகளுக்கு உறை கிடையாது. நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் அவற்றில் செய்தி ஓடாது. காலில் அடிபட்டு, சுருக்கென்ற வலி அடங்கும் நேரத்தில் காந்தலாகவும் விண்விண்ணென்றும் பரவும் இரண்டாவது வலி இவற்றுடையது. அறுவை முடிந்து மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடிப்பதும் பெரும்பாலும் இந்தச் சி இழைகளின் வேலை.

திசு அறுபடும்போது செல்கள் உடைகின்றன. உள்ளே அடைபட்டிருந்த ஏ.டி.பி., பொட்டாசியம் போன்றவை வெளியே கொட்டுகின்றன. இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து பிராடிகைனின் உருவாகிறது. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைச் சிந்துகின்றன. செல் சவ்வின் கொழுப்பிலிருந்து சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி புராஸ்டாகிளாண்டின்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் காயத்தைச் சுற்றிப் பெருகுகிறது. இவற்றில் சில நரம்பு முனையை நேரடியாகத் தூண்டிவிடுபவை. மற்றவை, குறிப்பாகப் புராஸ்டாகிளாண்டினும் நரம்பு வளர்ச்சிக் காரணியும், முனையின் உணர்திறனைக் கூட்டுகின்றன. முன்பு பெரிய அழுத்தத்துக்கு மட்டுமே விழித்த நரம்பு இப்போது இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் விழிக்கிறது.

இந்த உணர்திறன் மாற்றத்தைப் புரியவைத்தது மிளகாய். மிளகாயின் காரமான கேப்சைசின் ஏன் எரிச்சலைத் தருகிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸ், அதற்கான ஏற்பியை 1997இல் கண்டறிந்தார். டி.ஆர்.பி.வி.1 என்று இப்போது அழைக்கப்படும் அந்தப் புரதம் சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறந்து, சூட்டு வலியை அறிவிக்கிறது. கேப்சைசின் அதே புரதத்தைத் திறப்பதால்தான் நாக்கு எரிகிறது. தொடுகையை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுடன் சேர்ந்து ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். அறுவைக் காயத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், புராஸ்டாகிளாண்டினும் பிராடிகைனும் சூழ்ந்துகொண்டால் இந்தப் புரதம் திறக்கும் வெப்ப அளவு வெகுவாக இறங்கிவிடுகிறது. உடம்பின் இயல்பான சூடே அதற்குப் போதுமானதாகிவிடும். யாரும் தொடாத தையல் காந்துவது இதனால்தான்.

அறுவை வலி, சாதாரண வீக்க வலியைப் போன்றதே என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1996இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் டிமோதி பிரென்னனும் சகாக்களும் எலியின் உள்ளங்காலில் சிறு கீறலிட்டுத் தைத்து, வலி எப்படி வளர்ந்து அடங்குகிறது என்று அளக்கும் முறையை உருவாக்கினார்கள். கீறல் வலிக்குத் தனிக் குணங்கள் இருப்பது அதன் பிறகு தெரியவந்தது. அறுபட்ட திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அங்கே லாக்டிக் அமிலம் தேங்குகிறது. காயம் பல நாள் அமிலத்தன்மையோடே இருக்கிறது. அமிலத்தை உணரும் ஏற்பிகள் வலி இழைகளில் இருப்பதால், வீக்கம் பெரிதாகத் தெரியாத காயமும் ஓயாமல் நோகிறது.

தண்டுவடம் கற்றுக்கொள்ளும்போது

வலி இழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பில் அடுத்த நரம்பு செல்லைச் சந்திக்கின்றன. அங்கே அவை குளூட்டமேட் என்ற வேதிப்பொருளையும், சப்ஸ்டன்ஸ் பி என்ற புரதத் துண்டையும் வெளிவிடுகின்றன. செய்தி அளவோடு வரும்வரை குளூட்டமேட் சாதாரண ஏற்பிகளை மட்டும் திறந்து மூடும். பக்கத்திலேயே என்.எம்.டி.ஏ. என்ற இன்னொரு ஏற்பி, மெக்னீசியம் அயனி ஒன்றால் அடைபட்டு, செயலற்று இருக்கிறது. காயத்திலிருந்து செய்தி அடைமழையாய்ப் பொழியும்போது செல்லின் மின்னழுத்தம் மாறி, மெக்னீசியம் விலகுகிறது. ஏற்பி திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் நுழைந்ததும் செல்லுக்குள் பல நொதிகள் விழித்து, அதே அளவு செய்திக்கு முன்னைவிடப் பல மடங்கு உரத்துப் பதில் சொல்லும்படி அந்தச் செல்லை மாற்றிவிடுகின்றன. மூளை ஒன்றை நினைவில் இருத்திக்கொள்வதற்குக் கையாளும் அதே ஏற்பி இது. தண்டுவடம் வலியைக் கற்றுக்கொள்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு ஆகாது.

இந்த மாற்றத்தை 1983இல் லண்டனில் கிளிஃபோர்ட் உல்ஃப் சோதனையில் காட்டினார். மைய உணர்திறன் ஏற்றம் என்று இது அறியப்படுகிறது. தையலிலிருந்து நான்கு விரல் தள்ளி, கத்தியே படாத தோலில் சேலை உரசினால்கூடக் கூசி வலிப்பது இதன் அடையாளம். அங்கே திசுவில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு தண்டுவடத்தில் இருக்கிறது. அடிபட்ட நரம்பிலிருந்து வரும் சமிக்ஞைகளால் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் தண்டுவடத்தில் கிளர்ந்தெழுகின்றன. அவை வெளிவிடும் புரதங்கள், வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புகளின் பிடியைத் தளர்த்துகின்றன. காயம் ஆறிய பிறகும் வலி தங்கிவிடுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

வலியைக் கூட்டும் ஏற்பாடுகளோடு குறைக்கும் ஏற்பாடுகளையும் உடல் வைத்திருக்கிறது. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் வலிச் செய்தி ஒரு கட்டுப்பாட்டைக் கடந்தே மேலே போக முடியும். வாய்க்காலில் வரும் தண்ணீரில் எவ்வளவு வயலுக்குப் போக வேண்டும் என்பதை மடை தீர்மானிப்பது போல, மூளைக்கு எவ்வளவு வலி போய்ச்சேர வேண்டும் என்பதைத் தண்டுவடம் தீர்மானிக்கிறது. இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுவதற்குக் காரணம், தொடுகை இழைகளின் செய்தி அந்தக் கட்டுப்பாட்டை இறுக்குவதுதான். மூளைத் தண்டிலிருந்து கீழிறங்கும் நரம்புகளும் அதை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும். பயமும் தூக்கமின்மையும் தளர்த்துகின்றன. தெம்பூட்டும் பேச்சும் நிம்மதியும் இறுக்குகின்றன. அறுவைக்கு முன்பு என்ன நடக்கும், எவ்வளவு வலிக்கும், அதற்கு என்ன தருவார்கள் என்று மருத்துவர் உட்கார்ந்து சொல்லிவிட்டால், கலக்கம் குறைகிறது. வலியையும் தாங்கிக்கொள்ள முடிகிறது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை இது. நெரிசலான வார்டுகளில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

பொறுத்துக்கொள்வதன் விலை

வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் போட்டவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுப்பதில்லை, இருமுவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வருகிறது. கால் அசைக்காமல் கிடப்பவருக்குக் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையலாம். அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். கடும் வலி அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ஏற்றுகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. சர்க்கரை அளவும் ஏறுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அந்த ஏற்றம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தி, சீழ் பிடிக்க இடம் கொடுக்கிறது. மூட்டு மாற்றியவர் வலியால் முழங்காலை மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும். அவ்வளவு செலவு செய்து போட்ட மூட்டின் பயன் பாதியாகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது வலி நிலைத்துப்போவது. முதல் சில நாள்களின் கடும் வலி, நாள்பட்ட வலிக்கு ஒரு முன்னறிவிப்பு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அறுவைக்குப் பிறகு 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. ஹென்ரிக் கெஹ்லெட்டும் உல்ஃபும் சகாக்களும் 2006இல் எழுதிய மதிப்பீட்டில், குடலிறக்கம், மார்பகம், நெஞ்சுக்கூடு, உறுப்பு நீக்கம் போன்ற பொதுவான அறுவைகளுக்குப் பின் 10 முதல் 50 விழுக்காட்டினருக்கு வலி நீடிப்பதாகவும், அவர்களில் 2 முதல் 10 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருக்கலாம் என்றும் குறிப்பிட்டார்கள். இதில் பெரும்பாலும் ஏதோ ஒரு நரம்பு அறுபட்டோ தையலில் சிக்கியோ இருக்கிறது. அடிபட்ட நரம்பு, தூண்டுதலே இல்லாமல் தானாக மின்துடிப்புகளை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

மருந்துகள் வேலை செய்யும் இடங்கள்

வலி காயத்தில் பிறந்து, நரம்பில் ஓடி, தண்டுவடத்தில் பெருகி, மூளையில் உணரப்படுகிறது. எந்த ஒரு மருந்தாலும் இந்த நான்கு இடத்தையும் காக்க முடியாது. ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் பக்கவிளைவுதான் மிஞ்சும். வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுக்கும் முறையை டென்மார்க்கின் கெஹ்லெட் 1990களில் வலியுறுத்தினார். இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருப்பது அந்த வழிதான்.

காயத்தில் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பவை டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், கீட்டோரோலாக் போன்றவை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டி, 1982இல் நோபல் பரிசு பெற்றார். சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியில் இரண்டு வகை இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. முதல் வகை இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரக இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. இரண்டாவது வகை காயம்பட்டால் பெருகுகிறது. இரண்டாவதை மட்டும் தடுக்கும் மருந்துகள் வயிற்றைக் காத்தாலும் இதயத்துக்கு ஆபத்தானவையாக இருக்கலாம் என்பதை, 2004இல் ரோஃபெகாக்சிப் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது மருத்துவ உலகம் கண்டது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களும், வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றியவர்களும் இந்த மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கித் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும். பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்யும் அது, அளவோடு கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் குறைவு. வேறு பெயரில் வரும் சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதால் அறியாமலே அளவு மீறிப்போகிறது.

செய்தி ஓடும் நரம்பை மரத்துப்போகச் செய்வது அடுத்த வழி. நரம்பில் மின்துடிப்பு ஓடச் சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். அந்த வாயில்களை அடைப்பவை லிக்னோகைனும் புபிவாகைனும். லிக்னோகைனை ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கினார். அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்தபடி அதன் அருகே மருந்தைச் செலுத்தும் முறை வந்த பிறகு, ஒரு கையையோ ஒரு காலையோ வயிற்றுச் சுவரையோ மட்டும் பல மணி நேரம் மரக்கச் செய்வது எளிதாகியிருக்கிறது. கோவை இதில் பெயர் பெற்ற நகரம். மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, எலும்பு முறிவுக்கும் கை அறுவைக்கும் நாடறிந்த இடமானது. விபத்தில் நசுங்கிய கையை மணிக்கணக்கில் ஒட்டிச் சீரமைக்கும் அறுவைகளில் தோள்பட்டை நரம்புக் கட்டை மரக்கச் செய்வது பெரும் துணை. அறுவை முடிந்த பின்னும் மரப்பு நீடிப்பதால் முதல் இரவு வலியின்றிக் கழிகிறது. அந்த நேரமெல்லாம் தண்டுவடத்துக்கு வலி மழை போய்ச்சேர்வதில்லை என்பது இதன் கூடுதல் நன்மை. முதுகில் போடும் ஊசியும் இதே மருந்துகளைத்தான் தண்டுவட நீருக்குள் சேர்க்கிறது. சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசியால் ஆயுளுக்கும் குறுக்கு வலி என்று வட்டாரமெங்கும் பேசப்படுகிறது. ஊசி பட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கான முதுகு வலிக்கு அது காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. கர்ப்பகால உடல் மாற்றமும், குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் வேலையும் அந்த வலிக்குப் பெருங்காரணங்கள்.

வெட்டையே சிறிதாக்குவதும் வலி மருத்துவம்தான். இந்தியாவில் துளைவழிப் பித்தப்பை அறுவையை 1990இல் மும்பையில் டெம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். கோவையில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய சி. பழனிவேலு, அடுத்த ஆண்டுகளில் கொங்கு நாட்டை இந்த அறுவை முறையின் முக்கிய மையங்களில் ஒன்றாக்கினார். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறிச் செய்த அறுவை, சிறு துளைகளாகச் சுருங்கியபோது அறுபடும் நரம்புகளும் குறைந்தன.

தண்டுவடத்தின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்து கீட்டமைன். மயக்க மருந்தாக அறியப்பட்ட அதை மிகச் சிறு அளவில் கொடுத்தால் மைய உணர்திறன் ஏற்றம் மட்டுப்படுகிறது. நரம்பு வலிக்கு உதவும் காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளை அறுவைக்கு முன்பே எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடு, அதனால் பெரிய பயன் இல்லை, தலைசுற்றல் கூடுகிறது என்று காட்டியது.

மார்ஃபின் வகை மருந்துகள் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள மியூ ஏற்பிகளில் உட்காருகின்றன. வலிச் செய்தியை அனுப்பும் நரம்பு முனையில் கால்சியம் புகாமலும், பெறும் செல் விழிக்காமலும் செய்கின்றன. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்கும் அதே இருக்கைதான். கடும் வலிக்கு இவற்றுக்கு நிகர் இன்றும் இல்லை. மூச்சுத்தூண்டல் மையத்திலும் அதே ஏற்பி இருப்பதால் அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும். குமட்டல், மலச்சிக்கல், நீண்ட நாள் பயன்பாட்டில் அடிமைத்தனம் ஆகியவையும் உண்டு. அளவு கடந்து எழுதிக்கொடுத்த அமெரிக்கா பெரும் பேரழிவைச் சந்தித்தது. இந்தியாவின் நோய் அதற்கு நேர் எதிரானது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்று அபின் விளையும் இந்த நாட்டில், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டும், சிறு ஊர் மருத்துவமனைகளில் அந்த அச்சம் முழுதாக நீங்கவில்லை. பெரிய அறுவை செய்துகொண்ட ஏழைக்கும் முதல் இரண்டு நாள் போதிய மார்ஃபின் கிடைக்க வேண்டும். அது சலுகை ஆகாது, சிகிச்சையின் ஒரு பகுதி.

மஞ்சள் எவ்வளவு தூரம் உதவும்

பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்த வாய்க்காலின் பாசனத்தில் மஞ்சள் முக்கியப் பயிர். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தையல் போட்டு வந்தவருக்கு மஞ்சள் பால் கொடுப்பது இங்கே இயல்பு. எனவே இந்த வட்டாரத்தில் வலியைப் பற்றிப் பேசும்போது மஞ்சளைத் தாண்டிப் போக முடியாது.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. சோதனைக்குழாயில் அது வீக்கத்துக்குத் தலைமை தாங்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை அடக்குகிறது. புராஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியின் இரண்டாவது வகை உருவாவதையும் குறைக்கிறது. நேரடியாக அறுவை நோயாளிகளிடமே இந்தியாவில் சோதனை நடந்திருக்கிறது. ஆர்.ஆர். சதோஸ்கரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குடலிறக்கமோ விரைவீக்கமோ காரணமாக அறுவை செய்துகொண்ட 46 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் குர்குமின் 400 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை கொடுக்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களுக்கு வீக்க அறிகுறிகள் குறைந்தன. துளைவழிப் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 50 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வில், குர்குமின் பெற்றவர்களுக்கு வலியும் அசதியும் குறைவாக இருந்தன.

இரண்டும் சிறிய ஆய்வுகள். அவற்றை வைத்து மஞ்சளை வலி மருந்தாக அறிவித்துவிட முடியாது. குர்குமின் நீரில் கரைவது அரிது. குடலில் சொற்பமே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு உயர்ந்ததை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப்போடும் வீட்டு வழக்கத்தை இதற்குச் சான்றாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட குர்குமின் 2 கிராம். ஈரோடு மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே இருப்பதால், அந்த அளவுக்கு 50 கிராம் அளவில் மஞ்சள் தூள் தேவைப்படும். ஒரு டம்ளர் பாலில் யாரும் அவ்வளவு போடுவதில்லை.

மஞ்சளால் காயம் ஆறும் என்பதற்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதையும், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வாதாடி 1997இல் அதை ரத்து செய்யவைத்ததையும் மஞ்சள் விளைவிக்கும் மக்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கு நிறுவியது, இந்தியர்களுக்கு அந்தப் பயன்பாடு வெகுகாலமாகத் தெரியும் என்பதை. எவ்வளவு, யாருக்கு, எந்த அறுவைக்கு உதவும் என்பதைச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும். உணவில் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. கடையில் விற்கும் செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் வேறு கணக்கு. பைப்பரின் சேர்த்தவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு கூடும் அபாயமும் உண்டு. தையல் மேல் மஞ்சள் தூளைப் பூசவே கூடாது. அடுக்களைத் தூள் கிருமி நீக்கியது அல்ல.

வரப்போகும் மருந்துகள்

வட பாகிஸ்தானின் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத குழந்தைகள் இருந்தார்கள். நெருப்பில் நடந்து வேடிக்கை காட்டிய ஒரு சிறுவன்தான் ஆய்வாளர்களை அங்கே இட்டுச் சென்றான். 2006இல் வெளியான முடிவு, அவர்களிடம் நேவ் 1.7 என்ற சோடியம் வாயிலின் மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டியது. உடம்பில் சோடியம் வாயில்கள் ஒன்பது வகை. லிக்னோகைன் எல்லாவற்றையும் அடைப்பதால் வலியோடு அசைவும் தொடுவுணர்வும் போகின்றன; இரத்தத்தில் கலந்தால் இதயத்துக்கும் ஆபத்து. வலி இழைகளில் மட்டுமே மிகுந்திருக்கும் வாயிலைத் தனியாக அடைக்க முடிந்தால் மூளையைத் தொடாமலே வலியைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது. நேவ் 1.7ஐக் குறிவைத்த மருந்துகள் பல மனிதச் சோதனையில் தோற்றன. பக்கத்து வாயிலான நேவ் 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் வெற்றி கண்டது. மிதமான, கடுமையான உடனடி வலிக்கு அதை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜனவரி 30 அன்று ஏற்றது. கால் பெருவிரல் எலும்பு அறுவை, வயிற்றுத் தோல் குறைப்பு அறுவை ஆகிய இரண்டு சோதனைகளிலும் வெற்று மாத்திரையை அது வென்றது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரையை மிஞ்சவில்லை. ஆனாலும் அடிமைப்படுத்தாத, மூச்சை அடக்காத புது வகை வலி மருந்து என்ற அளவில் அது பெரிய நகர்வு.

நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்கும் டனெசுமாப் என்ற எதிர்ப்புரதம் மூட்டுத் தேய்மான வலியைக் குறைத்தாலும், சிலருக்கு மூட்டையே வேகமாகச் சிதைத்ததால் 2021இல் கைவிடப்பட்டது. புபிவாகைனைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்துக் காயத்தில் விட்டு, இரண்டு மூன்று நாள் சிறிது சிறிதாகக் கசியச் செய்யும் வடிவம் 2011 முதல் அமெரிக்காவில் உண்டு. சாதாரண புபிவாகைனைவிட அதன் கூடுதல் பயன் சிறிதே என்று பின்னர் வந்த ஒப்பீடுகள் கூறுகின்றன. வீக்கத்தை அடக்குவதே எப்போதும் நல்லதா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல், முதுகு வலி வந்தவர்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தொடக்கத்தில் நன்றாகக் கிளர்ந்தவர்களுக்கே வலி சீக்கிரம் ஆறியதாகக் கண்டார்கள். வீக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்த எலிகளுக்கு வலி நீண்டது. இது அறுவை வலிக்கும் பொருந்தும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. எனவே மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

அறுவைக்கு நாள் குறித்தவர்கள், தாங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும், குர்குமின் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி தனக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை. கண் விழித்த பிறகு செவிலியர் வலியை 0 முதல் 10 வரை எண்ணில் கேட்டால், கூச்சப்படாமல் உள்ளபடி சொல்ல வேண்டும். வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை கேட்பதைவிட, எழுதிக்கொடுத்த நேரத்துக்கு எடுப்பதால் குறைந்த அளவே போதுமானதாகிறது. திடீரென்று வலி கூடினாலோ, காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 3 மாதம் கழிந்தும் தழும்பில் எரிச்சலோ கூச்சமோ நீடித்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் வலி மருத்துவரைப் பாருங்கள்.